ஆதி மனிதரின் ஊணும் உழைப்பும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் இடத்தில் உள்ளது கல்லாறு என்னும் சிற்றூர். நகரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவு. ஊருக்குப் பெயர் தந்த ஆறு, உருண்டு திரண்ட வழுவழுப்பான கற்களின் மேல் ஓடிச் சென்று வாமனபுரம் ஆற்றுக்கு நீர் தருகிறது. இங்கிருந்து 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. விடுமுறை நாட்களில் நகரத்து வண்டிகள் இவ்விடத்தில் சற்று நிற்கும். நாமும் இறங்கித் தேநீர் அருந்துவோம். வறுத்த நேந்திரங்காயை ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்வோம். பின்னர் அந்த 22 வளைவுகளையும் அமர்ந்தபடியே கடந்து, மலையுச்சியை அடைந்ததும், நல்ல காற்று என்று பெருமூச்சு விடுவோம்.

அதே மலைகளில், சாலை என்ற ஒன்று உண்டாவதற்கு நெடுங்காலம் முன்னரே, கால்நடையாக ஏறியும் இறங்கியும் வாழ்ந்தவர்கள் காணிக்காரர்கள். அகத்திய மலையின் மேற்குச் சரிவில் கல்லாறு முதலிய இடங்களிலும், கிழக்குச் சரிவில் நம் பாபநாசம் மலையிலும் இவர்கள் குடியிருப்புகள் உள்ளன. கிழங்கு தோண்டியும், தேன் எடுத்தும், மீன் பிடித்தும், காட்டைத் திருத்திச் சிறு பயிர் செய்தும் வாழ்ந்த மக்கள் இவர்கள். இவர்களை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. ‘ஆதி மனிதனைப் போல உண்ணுங்கள், ஆதி மனிதனைப் போல உழையுங்கள், நோய் உங்களை அணுகாது’ என்றொரு கொள்கை இக்காலத்தில் உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் நகரங்களிலும் சோற்றை அறவே விட்டு இறைச்சியும் கொட்டைப் பருப்புகளுமே உண்பவர்களைக் காண்கிறோம். இக்கொள்கையில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வதற்குக் கல்லாறு நல்லதோர் இடம் என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் அக்கொள்கையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1985ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மருத்துவர் பாய்ட் ஈட்டன் என்பவரும், மானிடவியல் அறிஞர் மெல்வின் கானர் என்பவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனித உடல் பல லட்சம் ஆண்டுகளாக வேட்டையாடியும் காய்கனி கிழங்குகளைத் தேடியும் உண்ட வாழ்வுக்கே பழகி அமைந்தது. உழவுத் தொழில் தோன்றிப் பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. இந்தக் குறுகிய காலத்தில் உடலின் அடிப்படை அமைப்புப் பெரிதும் மாறிவிடவில்லை. ஆகவே நாம் உண்பதற்கும் நம் உடல் எதிர்பார்ப்பதற்கும் இடையே பொருத்தமின்மை ஏற்பட்டு, நீரிழிவும் இருதய நோயும் பெருகுகின்றன என்பது அவர்கள் வாதம். கற்கால மனிதர் நாள்தோறும் உட்கொண்ட சோடியம் ஏறத்தாழ 700 மில்லிகிராம்தான் என்று அவர்கள் கணக்கிட்டனர். உப்பாகச் சொன்னால் இரண்டு கிராமுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் நமக்கு விதிக்கும் எல்லையோ ஐந்து கிராம். ஊறுகாயும் அப்பளமும் விரும்பும் நாம் அந்த எல்லையையும் தாண்டுகிறோம்.

இந்த அளவில் வாதம் செம்மையானதே. பின்னர் வந்தவர்கள்தாம் இதனை ஒரு விரதமாக மாற்றினர். அரிசி ஆகாது, கோதுமை ஆகாது, பருப்பு ஆகாது, பால் ஆகாது. இறைச்சி, மீன், முட்டை, பழம், கொட்டை இவையே ஆகும் என்று பட்டியல் எழுந்தது. பட்டியல் எழுந்தால் நூல்கள் எழும். நூல்கள் எழுந்தால் விற்பனைப் பண்டங்களும் எழும் அல்லவா!

‘ஆதி மனிதனைப் போல’ என்கிறோம். எந்த ஆதி மனிதன்? நம் சென்னைக்கு அருகிலேயே அவன் தடம் கிடைத்திருக்கிறது. 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலநூல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பகுதியிலுள்ள அதிரம்பாக்கத்திலும் கற்கோடரிகளைக் கண்டார். அதிரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் சாந்தி பப்பு அவர்களும் உடனாய்வாளர்களும் நிறுவினர். அவற்றைச் செதுக்கியவன் நம்மையொத்த மனிதனும் அல்லன். நமக்கு முற்பட்ட வேறோர் இனத்தவன். அவன் உண்டது ஒன்று. கடற்கரையில் வாழ்ந்தவன் உண்டது வேறு. பனிநாட்டில் வாழ்ந்தவன் உண்டது மற்றொன்று. கற்காலத்துக்கு ஒரே சமையற்கட்டு இருந்ததில்லை.

தானியத்தை ஆதி மனிதன் தொட்டதே இல்லை என்ற கூற்றும் நிலைக்கவில்லை. யோர்தான் நாட்டில் 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுப்பொன்றில், காட்டுத் தானியத்தை அரைத்துச் சுட்ட அப்பத்தின் கரிந்த துணுக்குகள் கிடைத்தன. 2018இல் இச்செய்தி வெளியாயிற்று. அந்நாட்டில் உழவு தோன்றுவதற்கு ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே அப்பம் சுட்டிருக்கிறார்கள்! தென்னாப்பிரிக்காவின் எல்லைக் குகை ஒன்றில் 1,70,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சாம்பலில், மாவுப்பொருள் நிறைந்த கிழங்குகள் கரிந்து கிடந்தன. நெருப்பும் கிழங்கும் மனிதனுக்கு மிகப் பழைய தோழர்கள் என்பது இதனால் புலனாகும்.

கிழங்கு என்றதும் கல்லாற்றுக்கே திரும்பி விடுகிறோம். ஒன்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். காணிக்காரர்கள் கற்கால மனிதர்கள் அல்லர். அவர்கள் நம் காலத்தவர். பள்ளிக்குச் செல்பவர், வாக்களிப்பவர், தொலைபேசி வைத்திருப்பவர். காட்டை நம்பி வாழும் மக்களை ‘வாழும் பழங்காலம்’ என்று காட்சிப்பொருளாக்கும் வழக்கம் நாகரிகமன்று, உண்மையுமன்று. எனினும் காட்டிலிருந்து உணவைப் பெறும் கலையைத் தலைமுறைதோறும் காத்து வந்தவர்கள் என்ற முறையில், ஏட்டில் எழுதப்பட்ட கற்கால உணவைவிட அவர்கள் பழக்கத்திலிருந்து நாம் கற்க வேண்டியது மிகுதி.

காட்டுவள்ளி, நூறை, கவலை எனப் பலவகைக் கிழங்குகள் மேற்கு மலைக்காடுகளில் விளைகின்றன. மழைக்காலத்தில் கொடி தழைக்கும்; மழை ஓய்ந்து இலை பழுத்து உதிரும்போது மண்ணுக்குள் கிழங்கு முதிரும். கொடி காய்ந்து மறைவதற்கு முன் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சில கிழங்குகள் செங்குத்தாக ஆளுயரத்துக்குக் கீழிறங்குவதால், கூரிய கோலைக் கொண்டு கல்லும் வேரும் கலந்த மண்ணை அகழ்ந்துகொண்டே போக வேண்டும். அரை நாள் உழைப்புக்கு ஒரு கூடை கிழங்கு கிடைத்தால் அது நற்பேறு. மலைமக்கள் பலரிடம் மற்றொரு வழக்கமும் உண்டு: கொடியின் தலைப்பகுதியோடு ஒரு துண்டுக் கிழங்கை மீண்டும் அதே குழியில் புதைத்து மண் மூடிவிடுவர், அடுத்த ஆண்டும் அங்கே கொடி தழைக்கும். இதனை வேட்டையென்று சொல்வதா, வேளாண்மையென்று சொல்வதா? இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது ஏட்டில்தான் எளிது.

தோண்டிய கிழங்கெல்லாம் உடனே உண்ணத்தக்கதும் அன்று. சில இனங்கள் நாவை அரிக்கும், சில நஞ்சேயாம். அவற்றைச் சீவி, வேகவைத்து, ஓடும் நீரில் இரவெல்லாம் ஊறவிட்டு, மீண்டும் வேகவைத்தே உண்பர். எந்தக் கொடிக்கு எத்தனை முறை நீர் மாற்றுவது என்ற அறிவு பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது. ‘இயற்கையில் கிடைத்ததைப் பச்சையாக உண்பதே ஆதி மனிதர் வழி’ என்று பேசுவோர் இதனைக் கருத வேண்டும். இயற்கை தருவதில் நஞ்சும் உண்டு. அதனைப் பிரித்தெடுத்த சமையலே மனிதனின் முதல் விஞ்ஞானம்.

இன்னொரு வேடிக்கையையும் காணலாம். காணிக்காரர் குடியிருப்புகளில் இன்று மிகுதியாகக் காணப்படும் கிழங்கு மரவள்ளி. இது இந்நாட்டுப் பயிரே அன்று. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியரால் வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதனைப் பரப்புவதில் ஊக்கம் காட்டினார். 1942இல் பருமா வீழ்ந்து அந்நாட்டு அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் மக்களின் உயிரைக் காத்ததில் மரவள்ளிக்குப் பெரும் பங்குண்டு. ஆக, மலையில் ‘பழமையான உணவு’ என்று நாம் எண்ணுவது உண்மையில் புதிய விருந்தாளி.

அதனால் அது தீதோ? அப்படியும் இல்லை. மரவள்ளியின் தாயகமான தென்னமெரிக்காவில், பொலிவியா நாட்டுக் காடுகளில் சிமானே என்றொரு மக்கள் வாழ்கின்றனர். வாழைக்காய், மரவள்ளி, அரிசி இவையே அவர்களுடைய முக்கிய உணவு. மீனும் வேட்டை இறைச்சியும் துணை. அவர்கள் பெறும் சக்தியில் ஏறத்தாழ 72 சதவீதம் மாவுப்பொருளிலிருந்தே வருகிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சிமானே மக்களில் வயதுவந்த 705 பேரின் இருதயத்தைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களில் 85 சதவீதம் பேருக்கு இருதயக் குழாய்களில் சுண்ணப் படிவு சிறிதும் இல்லை. அதுவரை ஆராயப்பட்ட மக்கள் எல்லாரிலும் இதுவே மிகக் குறைந்த அளவு என்று ஆய்வாளர் தெரிவித்தனர். மாவுப்பொருளே நம் பகைவன் என்று சோற்றுப் பானையைக் கவிழ்க்க விரைவோர் சற்று நிதானிக்க இந்த ஒரு செய்தி போதும். சிமானே ஆடவர் நாளொன்றுக்கு ஆறு ஏழு மணி நேரம் உடலை இயக்குகின்றனர். அவர்கள் உண்ணும் அரிசியோடு சர்க்கரையும் எண்ணெய்ப் பலகாரமும் மிகுதியாகச் சேர்வதில்லை. உண்பது எது என்பதைப் போலவே, உண்டதை எவ்வாறு செலவிடுகிறோம் என்பதும் கணக்கில் சேரும்.

இனி உழைப்பைப் பார்ப்போம். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் ஹட்ஸா என்னும் மக்களில் ஒரு பகுதியினர் இன்றும் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் தேடியும் வாழ்கின்றனர். அவர்களில் ஆடவர் நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோமீட்டரும், பெண்டிர் சுமார் 6 கிலோமீட்டரும் நடக்கின்றனர். இவ்வளவு நடப்பவர்கள் நம்மினும் மிகுதியான சக்தியைச் செலவிடுவார்கள் என்றே யாரும் எண்ணுவர். 2012இல் ஹெர்மன் பான்ட்சர் என்பவரும் பிறரும் அளந்து பார்த்தனர். உடற்பருமனைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஹட்ஸா மக்களும் மேலைநாட்டு நகரவாசிகளும் நாளொன்றுக்குச் செலவிடும் சக்தி ஏறத்தாழ ஒன்றே என்று கண்டு வியந்தனர்! நடைக்குச் செலவாகும் சக்தியை உடல் வேறிடத்தில் சிக்கனம் செய்து ஈடுகட்டுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இதிலிருந்து நமக்கு வரும் பாடம் கசப்பானது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டோம் என்று இரண்டு வடை கூடுதலாக உண்பவருக்கு உடல் இளைக்காது. அதற்காக நடை வீண் என்று கொள்ளற்க. நடையினால் இரத்தத்திலுள்ள சர்க்கரை கட்டுப்படும், இருதயம் வலிமை பெறும், உறக்கம் நன்கு வரும். இளைப்பதற்கு உணவின் அளவும், நலத்துக்கு நடையும் என இரண்டையும் பிரித்துக் காண்பது நன்று.

ஹட்ஸா மக்கள் ஓய்வெடுப்பதைப் பற்றியும் 2020இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அவர்களும் விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ பத்து மணி நேரம் அசையாமல்தான் இருக்கின்றனர். அலுவலகத்தில் இருக்கும் நம்மைப் போலவே! வேறுபாடு எங்கே என்றால், அவர்களுக்கு நாற்காலி இல்லை. குந்தியும், முழங்காலிட்டும், தரையில் அமர்ந்தும் இருப்பதால் காலின் தசைகள் முற்றிலும் சோம்புவதில்லை. நம் பாட்டிமார் குந்தியமர்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கியதும், தரையில் அமர்ந்து உண்டு கையூன்றாமல் எழுந்ததும் இதே வகைப் பயிற்சிதான். மேசையும் நாற்காலியும் வந்த பிறகு அந்தப் பயிற்சி வீட்டைவிட்டு வெளியேறிற்று. இப்போது அதனையே பணம் கொடுத்துப் பயிற்சி நிலையங்களில் கற்கிறோம்.

அகத்திய மலையில் நிகழ்ந்த ஒரு செய்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டு டிசம்பரில், புஷ்பாங்கதன் என்ற தாவரவியல் அறிஞரின் தலைமையில் ஒரு குழு அம்மலைக்காட்டில் ஏறியது. வழிகாட்ட வந்தவர்கள் காணிக்காரர்கள். அறிஞர்கள் களைத்து மூச்சு வாங்க, சுமையோடு ஏறிய வழிகாட்டிகள் சோர்வின்றி நடந்தனர். அவர்கள் இடையிடையே ஒரு சிறு காயைத் தின்பதைக் கண்டு கேட்டனர், பெற்றுத் தின்றனர், தங்களுக்கும் களைப்பு நீங்கக் கண்டனர். அது எந்தச் செடி என்று சொல்ல முதலில் காணிக்காரர் தயங்கினர். அது தங்கள் குலத்துக்குள் காக்கப்பட்ட அறிவு. பின்னரே காட்டினர். அதுதான் ஆரோக்கியப்பச்சை என்னும் செடி. கல்லாற்றுக்கு அணித்தேயுள்ள பாலோடு என்னும் ஊரில் அமைந்த வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்தனர். அச்செடியின் சத்தை உட்கொண்ட எலிகள் நீரில் நெடுநேரம் நீந்தின. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து செய்யப்பட்டது. 1995இல் கோயம்புத்தூரிலுள்ள ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் இரண்டு சதவீதப் பங்குக்கும் உரிமை தரப்பட்டது. அந்தத் தொகையில் பாதியைக் காணிக்காரருக்கே அளிப்பது என்று முடிவு செய்தனர். 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999இல் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் அதனிடம் சேர்ந்தது. பழங்குடியினரின் அறிவுக்கு ஊதியம் தந்த முன்மாதிரி என்று உலகம் இதனைப் புகழ்ந்தது.

புகழ் ஒருபுறமிருக்க, சிக்கலும் இருந்தது. இலை காட்டில்தான் செழிக்கும். காடோ அரசின் வனத்துறைக்கு உரியது. பயிரிட்டு விற்கலாமா, கூடாதா என்பதில் வழக்கும் தடையும் நேர்ந்தன. தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று வேறு பகுதிக் காணிக்காரர்கள் குறைபட்டனர். பலர் கூடிக் காத்த அறிவைச் சிலரிடம் கேட்டுப் பெறுவது முறையா என்ற வினாவுக்கு இன்னும் நிறைவான விடை கிட்டவில்லை.

நம் பொருளுக்கு உரியது மற்றொரு வினா. அன்று மலையேறிய வழிகாட்டிகள் சோர்வின்றி நடந்ததற்குக் காரணம் அந்தக் காய் மட்டும்தானா? பிறந்தது முதல் அந்தச் சரிவில் ஏறிய கால்கள் அவை. குன்றின் மேல் நீர் சுமந்த தோள்கள் அவை. நாம் அந்த நடையை மலையிலேயே விட்டுவிட்டு, இலையை மட்டும் புட்டியில் அடைத்து எடுத்துவந்தோம். புட்டியைத் திறந்து நாற்காலியில் சாய்ந்தபடி அருந்துகிறோம். ஆதி மனிதர் உணவு என்ற பெயரில் விற்கப்படும் பண்டங்களிடமும் இதே குறையைத்தான் காண்கிறோம்.

கல்லாற்றுக் காட்டுக் குடியிருப்பைச் சேர்ந்த காணிப் பெண்மணியான லட்சுமிக்குட்டி அம்மையார், நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை ஏட்டின் துணையின்றி நினைவிலிருந்தே சொல்லக்கூடியவர். நஞ்சு முறிவு மருத்துவத்தில் பெயர் பெற்றவர். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவரைப் போன்றோர் நினைவில் இருப்பது மருந்துகளின் பெயர்ப் பட்டியல் மட்டுமன்று. எந்த மாதத்தில் எந்தச் சரிவில் எது கிடைக்கும், எதனோடு எது சேரக்கூடாது என்ற அறிவும் சேர்ந்ததே அது. காட்டுக்குச் செல்லும் வழி அடைபட்டு, பங்கீட்டுக் கடை அரிசியே உணவாகும்போது, குழந்தைகளுக்கு அந்த அறிவைக் கற்பிக்கும் வாய்ப்பே இல்லாமற் போகிறது. மலையடிவாரத்துக் கடைகளில் இனிப்பு நீரும் பொட்டலத் தீனியும் தொங்குகின்றன. நகரம் கற்கால உணவைத் தேடி ஓடுகையில், காடு நகரத்துத் தீனியை உண்கிறது!

பழங்காலத்தைப் பொற்காலமாக எண்ணவும் வேண்டா. வேட்டையாடி வாழ்ந்த மக்களிடையே குழந்தைகளில் பலர் வளருமுன்னே இறந்தனர். அலூசியத் தீவுகளில் வாழ்ந்த வேட்டைக் குடியினரின் பதப்பட்ட உடல்களை ஆராய்ந்தபோது, அவர்களிலும் சிலருக்கு இரத்தக் குழாய்கள் தடித்திருக்கக் கண்டனர். 2013இல் இது வெளியாயிற்று. தடுப்பூசியும், தூய குடிநீரும், பேறுகால மருத்துவமும் ஆதி மனிதனுக்குக் கிட்டாத செல்வங்கள்.

இந்தியாவில் நீரிழிவு உடையோர் பத்துக்கோடிப் பேர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்புக் கூறுகிறது. கேரளம் அதில் முன்வரிசையில் நிற்கிறது, தமிழகமும் பின்தங்கவில்லை. ஆகவே உணவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்குக் கற்கோடரி வேண்டியதில்லை. சோற்றின் அளவைக் குறைத்துக் கீரையும் காயும் பயறும் கூட்டலாம். தீட்டிய வெள்ளரிசிக்கு மாற்றாகச் சில நாட்கள் தினையோ வரகோ உண்ணலாம். பயறும் தானியமும் ஆதி மனிதர் உணவன்று என்று யாரேனும் தடுத்தால் அவற்றை விட வேண்டா. நம் நாட்டில் புலால் உண்ணாத எளியவருக்குப் புரதம் தருவது அந்தப் பயறே. உப்பையும் சர்க்கரையையும் குறைப்பதில் மட்டும் ஈட்டன், கானர் இருவரின் சொல்லை அப்படியே கொள்ளலாம். உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பதும், நாளில் சில முறை தரையில் அமர்ந்து எழுவதும் செலவில்லாதவை. முழங்கால் வலியுடையோர் குந்துவதைத் தவிர்க்க. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் திடீரெனச் சோற்றை நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம்.

காட்டுக்கிழங்கைத் தாமே தோண்டியுண்ண எவரும் முயல வேண்டா. கடையில் வாங்கும் மரவள்ளியையும் தோலை முழுதும் நீக்கி, துண்டாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டே உண்ண வேண்டும். கேரளத்து வீடுகளில் அந்த நீரை ஊற்றிய பிறகே தேங்காயும் மிளகாயும் அரைத்துச் சேர்ப்பர். மீன் குழம்போ, காந்தாரி மிளகாய்த் துவையலோ உடனிருந்தால் வேறு கறி தேவையில்லை.